அந்தச் சிவப்புக் கோட்டுக்கு ஒரு மறுப்பு: பிரிமுலேசி குடும்பத்தை முன்வைத்து

இது நீண்ட பதிவு. தாவர வகைப்பாட்டியல் பயில்வோரையும் பயிற்றுவிப்போரையும் மனத்தில் கொண்டு எழுதுகிறேன். எனினும் பிற துறையினரும் தொடர்ந்து வாசிக்க இயலும் வகையில் எழுத முயன்றிருக்கிறேன். பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வடக்கு வங்காளச் சமவெளியிலுள்ள ஒரு கல்லூரியில் முதுகலைத் தாவரவியல் செய்முறைத் தேர்வு நடந்தது. மாதிரிகளைச் சேகரித்து மேசைமேல் வைக்கும் உதவிப் பணி, ஆய்வு மாணவன் என்ற முறையில் எனக்கு வாய்த்தது. அம்மாதிரிகளுள் ஒன்று ஆர்டிசியா சொலனேசியா என்னும் புதர்ச்செடியின் பூங்கொத்து. தாவரத்தின் குடும்பத்தைக் காரணங்களுடன் குறிப்பிட வேண்டும் என்பது வினா. ஒரு மாணவி மலரை நெடுக்காக வெட்டினார்; மகரந்தத்தாள்களின் அமைவை வரைந்தார்; சூற்பையின் குறுக்குவெட்டையும் வரைந்தார்; இறுதியில் ‘பிரிமுலேசி’ என்று எழுதினார். வாய்மொழித் தேர்வின்போது புறத்தேர்வாளர் அவர் கண்முன்னே அச்சொல்லின்மீது சிவப்பு மையால் கோடிட்டு, ‘மிர்சினேசி’ என்று திருத்தி, பாதிக்கும் மேல் மதிப்பெண்ணைக் குறைத்தார். மாணவி என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஊசிகளையும் கண்ணாடித் தகடுகளையும் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மாணவி எழுதியது பிழையன்று. தேர்வாளர் எழுதியதும் நெடுங்காலம் சரியாக இருந்த விடையே. ஒரே செடிக்கு இரு குடும்பப் பெயர்கள் எப்படி வந்தன, அவற்றுள் எதை இன்று ஏன் ஏற்கிறோம் என்பதை யாரும் அங்கே பேசவில்லை என்பதே என் குறை. அன்று பேசாமலிருந்தவர்களுள் நானும் ஒருவன். அக்கடனைத் தீர்க்கவே இப்பதிவு.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். பிரிம்ரோஸ் என்ற பெயரைக் கேட்டவுடன் மருந்துக் கடைகளில் விற்கும் ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை பலருக்கு நினைவுக்கு வரும். அது ஈனோதெரா என்னும் பேரினத்திலிருந்து கிடைப்பது. ஓனாக்ரேசி குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் பேசப்போகும் குடும்பத்துக்கும் அதற்கும் பெயரளவில் மட்டுமே ஒற்றுமை. பிரிமுலா என்பது ‘முதல்’ என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. பனி உருகியதும் முதலில் மலர்வதால் அப்பெயர். அப்பேரினத்தின் பெயரால் அமைந்ததே பிரிமுலேசி குடும்பம்.

இமயத்தின் புல்வெளிகளில் பரவலாகக் காணப்படும் பிரிமுலா டென்டிகுலேட்டாவை எடுத்துக்கொள்வோம். இலைகள் தரையோடு ஒட்டி ரோஜா இதழடுக்குப் போல் வட்டமாக அமைந்திருக்கும். நடுவிலிருந்து இலையற்ற பூந்தண்டு ஒன்று எழும். அதன் முனையில் இளஊதா மலர்கள் பந்துபோல் திரண்டிருக்கும். ஒரு மலரைப் பறித்துப் பாருங்கள். புல்லி இதழ்கள் ஐந்து இணைந்திருக்கும். அல்லி இதழ்கள் ஐந்தும் கீழே குழலாக இணைந்து மேலே தட்டாக விரிந்திருக்கும். மகரந்தத்தாள்கள் ஐந்து, அல்லிக் குழலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். இதுவரை சொன்னவற்றைப் பல குடும்பங்களில் காணலாம். இக்குடும்பத்தின் தனித்தன்மை இனிமேல்தான் தொடங்குகிறது.

பெரும்பாலான இணைந்த அல்லிகளையுடைய மலர்களில் மகரந்தத்தாள்கள் அல்லி இதழ்களுக்கு இடையே, இடைவெளிக்கு நேராக அமையும். அடுத்தடுத்த வட்டங்கள் ஒன்றுவிட்டு ஒன்று மாறி அமைவதே மலரின் பொதுவிதி. பிரிமுலா மலரில் ஒவ்வொரு மகரந்தத்தாளும் ஓர் அல்லி இதழுக்கு நேரெதிரே நிற்கிறது. இவ்விதிமீறலுக்குக் காரணம், இடையில் இருந்திருக்க வேண்டிய ஒரு வட்டம் மறைந்துபோனதே. புல்லி இதழ்களுக்கு எதிரே இருக்க வேண்டிய புறவட்ட மகரந்தத்தாள்கள் பரிணாமப் போக்கில் இழக்கப்பட்டன. அகவட்டம் மட்டும் எஞ்சியது. இது வெறும் ஊகமன்று. இக்குடும்பத்தைச் சேர்ந்த சமோலஸ் பேரினத்தின் மலரில் அவ்வட்டம் இருந்த இடத்தில் மலட்டு மகரந்தத்தாள்கள் ஐந்து இன்றும் எஞ்சியிருக்கின்றன.

இரண்டாவது பண்பு சூற்பைக்குள் இருக்கிறது. சூற்பையைக் குறுக்காக வெட்டினால் அறைத் தடுப்புகள் எவையும் தென்படா. நடுவே ஒரு தூண் அல்லது உருண்டை தனித்து நிற்கும். சூல்கள் அதன்மீது ஒட்டியிருக்கும். இதுவே தனித்த மையச் சூல் ஒட்டுமுறை. கேரியோஃபில்லேசி குடும்பத்திலும் இத்தகைய அமைப்பு உண்டு என்று மாணவர்கள் படித்திருப்பார்கள். ஆனால் அங்கே இளஞ்சூற்பையில் தோன்றும் தடுப்புச் சுவர்கள் பின்னர் மறைவதால் அந்நிலை உருவாகிறது. பிரிமுலேசியில் தடுப்புகள் முதலிலிருந்தே தோன்றுவதில்லை. தோற்றம் ஒன்று, வரலாறு வேறு. அல்லி இதழுக்கு எதிரான ஒற்றை வட்ட மகரந்தத்தாள்கள், தடுப்பில்லாத சூற்பையில் தனித்த மையச் சூல் ஒட்டு ஆகிய இவ்விரு பண்புகளும் ஒருங்கே அமைந்தால் நாம் பிரிமுலேசியின் வாயிலில் நிற்கிறோம் என்று கொள்ளலாம்.

பிரிமுலாவைப் பற்றிப் பேசும்போது டார்வினைக் கடந்து செல்ல இயலாது. ஒரே இனத்தில் இருவகை மலர்ச்செடிகள் இருப்பதை ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் முன்பே அறிந்திருந்தனர். ஒருவகையில் சூல்தண்டு நீண்டு, சூல்முடி குண்டூசித் தலைபோல் குழலின் வாயில் தெரியும்; மகரந்தப்பைகள் குழலின் நடுவே தாழ்ந்திருக்கும். மற்றொரு வகையில் இந்நிலை தலைகீழாக அமையும். டார்வின் 1862-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், வேறுவகை மலரின் மகரந்தம் பெற்றால்தான் விதை நன்கு உருவாகிறது என்பதைச் சோதனைகளால் நிறுவினார். 1877-இல் இப்பொருளை விரித்து ஒரு நூலாகவே எழுதினார். இதன் மரபணு அடிப்படை 2016-இல்தான் தெளிவாயிற்று. குறுஞ்சூல்தண்டு மலர்களில் மட்டும் சில மரபணுக்கள் அடங்கிய ஒரு துண்டு இருக்கிறது. நெடுஞ்சூல்தண்டு மலர்களில் அத்துண்டே இல்லை. வெறுங்கண்ணால் காணத்தக்க ஒரு வேறுபாட்டின் விளக்கத்துக்கு 150 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி மிர்சினேசிக்கு வருவோம். ஆர்டிசியா, எம்பெலியா, மேசா, மிர்சின் முதலியவை வெப்பமண்டல, மிதவெப்பமண்டலக் காடுகளின் மரங்கள், புதர்கள், கொடிகள். இவற்றின் கனி வெடிப்பதில்லை, சதைப்பற்றுடையது, பெரும்பாலும் பறவைகள் உண்டு பரப்புபவை. பிரிமுலாவின் கனியோ உலர்ந்து வெடிப்பது. ஒருபுறம் பனிமலைச் சிறுசெடிகள், மறுபுறம் வெப்பக் காட்டு மரங்கள். பார்த்த மாத்திரத்தில் இவற்றை ஒரே குடும்பம் என்று யாரும் சொல்லமாட்டார். ஆனால் ஆர்டிசியா மலரை வெட்டிப் பார்த்தவர் சொல்வார். அங்கும் மகரந்தத்தாள்கள் அல்லி இதழ்களுக்கு எதிரே நிற்கின்றன. அங்கும் சூற்பையில் தடுப்பில்லை. நடுவே தனித்த உருண்டை. சூல்கள் அதில் புதைந்திருக்கின்றன. அந்த மாணவி கத்தியால் கண்டறிந்தது இதைத்தான்.

இவ்வொற்றுமையைப் பழைய அறிஞர்கள் அறியாதவர்கள் அல்லர். நம் கல்லூரிகளில் இன்றும் பெரிதும் பயிற்றுவிக்கப்படும் வகைப்பாடு ஜார்ஜ் பெந்தமும் ஜோசப் டால்டன் ஹூக்கரும் வகுத்தது. 1862 முதல் 1883 வரை வெளிவந்த ஜெனரா பிளாண்டாரம் அதன் மூலநூல். அதில் பிரிமுலேல்ஸ் என்னும் துறையின்கீழ் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்தன: பிளம்பாஜினே, பிரிமுலேசி, மிர்சினே. ஹூக்கர் 1848 முதல் 1850 வரை சிக்கிம் மலைகளில் நடந்தே அலைந்து தாவரங்களைச் சேகரித்தவர். பின்னர் அவர் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட பிரித்தானிய இந்தியத் தாவரங்கள் பற்றிய நூலின் மூன்றாம் தொகுதியிலும் பிரிமுலேசியை அடுத்தே மிர்சினே வருகிறது. இடையில் அவர் இட்ட வேலி மெல்லியது: சிறுசெடியும் வெடிகனியும் ஒருபுறம், மரத்தன்மையும் வெடிக்காத கனியும் மறுபுறம்.

மரபணு வரிசைகளை ஆராயும் வழியில்லாத காலத்தில் இவ்வளவு நெருங்கி வந்தது வியப்புக்குரியது. ஆகவே பெந்தம், ஹூக்கர் முறையைப் பழையது என்று ஒதுக்கித் தள்ளுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் ஒன்றில் பிழைபட்டனர் என்பதும் உண்மை. பிளம்பாஜினே, அதாவது நாம் கொடிவேலி என அழைக்கும் செடியின் குடும்பம், மகரந்தத்தாள்கள் அல்லிக்கு எதிராக அமைந்த ஒற்றுமையால் இங்கே வைக்கப்பட்டது. மரபணுச் சான்றுகள் அதை வெகுதூரத்திலுள்ள கேரியோஃபில்லேல்ஸ் துறைக்குக் கொண்டுசென்றுவிட்டன. ஒரே பண்பு இருவேறு கிளைகளில் தனித்தனியே தோன்றக்கூடும் என்பதற்கு இது நல்ல பாடம்.

மரபணு வரிசைகளைக் கொண்டு உறவுமுறையை ஆராயத் தொடங்கியபோது, ஹூக்கரின் வேலி இருந்த இடம் சரியன்று என்பது புலனாயிற்று. 2000-ஆம் ஆண்டளவில் பசுங்கணிக மரபணுக்களையும் புறத்தோற்றப் பண்புகளையும் இணைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியவை இவை: லைசிமாக்கியா, அனகாலிஸ், சைக்ளமென் போன்ற சிறுசெடிகள், தோற்றத்தில் பிரிமுலாவை ஒத்திருந்தும், உறவில் ஆர்டிசியாவுக்கே நெருங்கியவை. சமோலஸ், அமெரிக்க வெப்பமண்டலத்துக்குரிய தியோஃபிராஸ்டேசிக்கு நெருங்கியது. மேசா இவையனைத்துக்கும் உடன்பிறப்பாகத் தனித்து நிற்பது. சிறுசெடியாக இருத்தலும் வெடிகனி தருதலும் ஒருமுறை தோன்றிய மரபுரிமைகள் அல்ல; வெவ்வேறு கிளைகளில் காணப்படும் வாழ்க்கை முறைகள். அவற்றைக் கொண்டு வேலி கட்டினால் உடன்பிறந்தார் இரு வீடுகளில் பிரிந்துவிடுவர்.

இந்நிலையில் இரு வழிகள் இருந்தன. லைசிமாக்கியா முதலியவற்றை மிர்சினேசிக்கு மாற்றி, பிரிமுலேசியைச் சுருக்கி, நான்கு சிறு குடும்பங்களாக வைத்துக்கொள்வது ஒன்று. நான்கையும் ஒன்றாக்கி, பிரிமுலேசி என்னும் பெருங்குடும்பத்தின் துணைக்குடும்பங்களாக்குவது மற்றொன்று. ஆஞ்சியோஸ்பெர்ம் பைலோஜெனி குழு, சுருக்கமாக ஏ.பி.ஜி., 2003-இல் முதல் வழியையும் 2009-இல் இரண்டாம் வழியையும் தேர்ந்தது. 2016-இல் வெளிவந்த நான்காம் பதிப்பிலும் அம்முடிவே தொடர்கிறது. இன்றைய பிரிமுலேசியில் மேசாய்டி, தியோஃபிராஸ்டாய்டி, பிரிமுலாய்டி, மிர்சினாய்டி என்று நான்கு துணைக்குடும்பங்கள். 50-க்கும் மேற்பட்ட பேரினங்கள். 2,500-க்கும் மேற்பட்ட இனங்கள்.

இதை ஆய்வுக்கூட இயந்திரம் சொன்னது என்று மட்டும் மாணவர்களிடம் கூறினால், ஒரு மனப்பாடத்தை அகற்றி இன்னொரு மனப்பாடத்தை அவர்கள் தலையில் ஏற்றுகிறோம் என்றே பொருள். சான்று நம் கண்முன்னேயே இருக்கிறது. வட இந்தியக் கோதுமை வயல்களில் குளிர்காலத்தில் நீலமலர்களோடு படரும் அனகாலிஸ் ஆர்வென்சிஸ் என்னும் களையை அறிந்திருப்பீர்கள். இன்று அது லைசிமாக்கியா ஆர்வென்சிஸ் என்று பெயர் மாற்றம் பெற்றிருக்கிறது. அதன் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் கரும்புள்ளிகள் தெரியும். இனி ஆர்டிசியாவின் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அங்கும் சுரப்புப் பொருள் நிறைந்த புள்ளிகள் தென்படும். மிர்சினாய்டியின் கைநாட்டு அது. பிரிமுலாவின் இலையில் அதைக் காண இயலாது. களைச்செடி யாருடைய உறவு என்பதை அதன் இலையே சொல்லிக்கொண்டிருந்தது. கனியின் வகையை முதன்மைப்படுத்திய நாம் அப்புள்ளிகளுக்கு உரிய மதிப்பைத் தரவில்லை.

வேதியியலிலும் ஓர் இழை ஓடுகிறது. தோட்டச் செடியான பிரிமுலா ஆப்கோனிகாவின் இலையைத் தொட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். அதற்குக் காரணமான பிரிமின் ஒரு பென்சோகுயினோன் சேர்மம். சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் குடற்புழு நீக்கப் பயன்படும் வாய்விடங்கம், எம்பெலியா ரைபிஸ் கொடியின் உலர்ந்த கனி. அதன் முதன்மைச் சேர்மமான எம்பெலினும் நீண்ட கரிமத் தொடர் கொண்ட ஒரு பென்சோகுயினோனே. இந்த ஒற்றுமை மட்டுமே உறவை நிறுவப் போதாது. ஆயினும் மலரின் அமைப்பும் மரபணுவும் ஒன்றைச் சொல்லும்போது, வேதியியலும் அதற்கு மாறுபடாமல் நிற்பது நிறைவளிக்கிறது.

நான் தற்போது பணிபுரியும் மேற்கு வங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் வடமுனையில், சிங்கலீலா மலைத்தொடரில், 3,636 மீட்டர் உயரத்தில் சந்தக்பூ. அம்மலைச்சரிவுகளில் பனி விலகியதும் பிரிமுலாக்கள் மலர்கின்றன. தென்முனையில், கடல்மட்டத்தில், சுந்தரவனம். அங்கே ஓதநீரில் வேர்நனைய நிற்கும் ஏஜிசெராஸ் கார்னிகுலேட்டம் என்னும் சிறுமரத்தைக் கொல்ஷி என்பர். தன் இலைகளிலுள்ள சுரப்பிகளால் உப்பை வெளியேற்றும். மாலையில் இலைமேல் விரல் வைத்தால் உப்புப் படிகம் ஒட்டும். அதன் விதை கனிக்குள்ளேயே முளைவிட்டு, ஆட்டுக்கொம்புபோல் வளைந்த கனியாகத் தொங்கும். பேரினப் பெயரின் பொருளும் ஆட்டுக்கொம்பு என்பதே. தேனெடுக்கக் காட்டுக்குள் செல்லும் மௌலிகள் பருவத்தின் முதல் தேனாகவும் உயர்ந்த தேனாகவும் போற்றுவது கொல்ஷித் தேனையே. புலி நடமாடும் சேற்றுக்காட்டில் உயிரைப் பணயம் வைத்து எடுக்கப்படும் அத்தேனும், சந்தக்பூவின் ஊதாப் பூப்பந்தும் ஒரே குடும்பத்தினுடையவை. மலைச்செடியின் குடும்பம் என்று பிரிமுலேசியை அறிமுகப்படுத்தும் ஆசிரியர், அம்மாநில மாணவருக்கு அவர் கைக்கெட்டும் பாதிச் சான்றை மறைத்துவிடுகிறார்.

தமிழ் நண்பர்களுக்கும் ஒரு சொல். பிரிமுலா பேரினம் தென்னிந்திய மலைகளில் இயற்கையாக வளர்வதில்லை. அதனால் இக்குடும்பத்துக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று நானும் இளங்கலை நாட்களில் நினைத்திருந்தேன். நீலகிரியில் வளரும் லைசிமாக்கியா லெசெனால்டி, சோலைக்காட்டு மிர்சின் மரங்கள், பிச்சாவரத்து ஏஜிசெராஸ், நாட்டு மருந்துக் கடையின் வாய்விடங்கம் ஆகிய யாவும் இக்குடும்பமே என்பதை அறிய நான் இமயத்துக்கு வரவேண்டியிருந்தது.

இனி மறுதரப்பு. மூன்று வாதங்களை மூத்த அறிஞர்களிடம் அடிக்கடி கேட்டிருக்கிறேன். மூன்றிலும் நியாயம் உண்டு.

முதலாவது, பெயர்கள் இப்படி மாறிக்கொண்டே போனால் மாணவர் எதைப் படிப்பது என்பது. 2003-இல் ஒன்று, 2009-இல் வேறொன்று என்றால் சலிப்பு இயல்பே. ஆனால் அவ்விரு ஆண்டுகளுக்கிடையே உறவுமுறை பற்றிய முடிவு மாறவில்லை. அந்த நான்கு கிளைகளுக்கு நான்கு பெயரிடுவதா, ஒரே பெயரிடுவதா என்பதே மாறியது. அறிந்த செய்தி வேறு, அதற்கு இடும் பெயர் வேறு. இவ்வேறுபாட்டை விளக்கினால் மாணவருக்குச் சலிப்பு வராது.

இரண்டாவது, நம் உலர்தாவரத் தொகுப்பகங்கள் பலவும் பெந்தம், ஹூக்கர் வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. லட்சக்கணக்கான தாள்களை இடம் மாற்ற இயலுமா என்பது. மாற்ற வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நூலகத்தில் நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது வேறு; அந்நூல் எதைப் பற்றியது என்பது வேறு. அலமாரி வரிசை பழையபடியே இருக்கட்டும். தாளின் மேலுள்ள சீட்டிலும் கணினிப் பதிவிலும் இன்றைய குடும்பப் பெயரைச் சேர்த்தால் போதும்.

மூன்றாவது வாதமே வலியது. மரம், சதைக்கனி, புள்ளியிட்ட இலை ஆகியவற்றால் மிர்சினேசியைக் காட்டில் நின்றபடியே அடையாளம் காணலாம். விரிந்த பிரிமுலேசிக்கு அப்படி ஒரு களஅடையாளம் இல்லை என்கின்றனர். உண்மை. அதனால்தான் துணைக்குடும்பப் பெயரைக் கைவிடக்கூடாது என்கிறேன். ‘பிரிமுலேசி, மிர்சினாய்டி’ என்று எழுதினால் வனத்துறையினருக்குப் பயன்படும் அறிவும் காக்கப்படும், உறவுமுறையும் பிழைபடாது. இன்னொரு புறம், மரபணு வரிசையைக் கணினியில் ஒப்பிடத் தெரிந்து, சூற்பையை நேராக வெட்டத் தெரியாத ஆய்வாளர்கள் பெருகிவருவதையும் நான் காண்கிறேன். அவர்களைக் குறித்த மூத்தோரின் கவலையில் எனக்கும் பங்குண்டு.

இவையெல்லாம் வகுப்பறைச் சண்டைகள், இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று ஒருவர் கேட்கலாம். இரண்டு இடங்களில் இழப்பைக் காண்கிறேன்.

ஒன்று, உயிரினப் பன்மைக் கணக்கெடுப்பு. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சிதோறும் மக்கள் பன்மைப் பதிவேடுகள் உருவாக்கப்படுகின்றன. ஒரு பதிவேடு எம்பெலியாவை மிர்சினேசி என்றும், அடுத்த ஊரின் பதிவேடு பிரிமுலேசி என்றும் எழுதினால், குடும்பவாரியாகத் தொகுக்கும்போது கணக்கு சிதறும். பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிடுபவர், ஒரு புதிய செடிகூடக் கண்டுபிடிக்கப்படாத நிலையில், பிரிமுலேசி இனங்கள் பெருகிவிட்டன என்றோ, மிர்சினேசி முற்றாக அழிந்துவிட்டது என்றோ முடிவுகட்ட நேரும்.

மற்றொன்று, மருந்து. வாய்விடங்கத்துக்குத் தேவை மிகுதி. எம்பெலியா ரைபிஸ் காட்டிலிருந்து சேகரிக்கப்படுவது. எனவே சந்தையில் எம்பெலியா சேரியம்-கோட்டம், மேசா இண்டிகா, மிர்சின் ஆப்ரிகானா ஆகியவற்றின் கனிகளும் அதே பெயரில் கலக்கின்றன. காய்ந்த சிறு உருண்டைகளாகப் பார்க்கும்போது இவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. ஆனால் மேசாவின் வேறுபாட்டை அறிந்தவருக்கு ஒரு வழி உண்டு. மேசாவின் சூற்பை பாதியளவு கீழ்மட்டமானது; கனிக்குள் நுண்விதைகள் பல. எம்பெலியாவின் கனிக்குள் ஒரே விதை. கனியைப் பிளந்தால் விடை தெரிந்துவிடும். மேசா ஏன் மற்ற மூன்று கிளைகளிலிருந்தும் விலகித் தனித்து நிற்கிறது என்று வகுப்பில் கற்றவருக்கு அப்பண்பு நினைவில் நிற்கும். பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு நிற்காது. நோயாளி விழுங்கும் பொடியில் என்ன இருக்கிறது என்பது அந்நினைவைப் பொறுத்தது.

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

1. செய்முறைத் தேர்வுகளில் எந்த வகைப்பாட்டு முறையின்படி விடை வேண்டும் என்பதை வினாவிலேயே குறிப்பிட வேண்டும். குறிப்பிடாதபோது, பண்புகளைச் சரியாகக் கண்டு காரணம் கூறிய விடை எம்முறையைச் சார்ந்ததாயினும் முழு மதிப்பெண் பெற வேண்டும். மதிப்பெண்ணின் பெரும்பகுதி குடும்பப் பெயருக்கன்றி, மலரின் ஆய்வுக்கே உரியதாக வேண்டும்.

2. தொகுப்பகத் தாள்களிலும் பூங்காப் பெயர்ப்பலகைகளிலும் இன்றைய குடும்பம், துணைக்குடும்பம், பழைய குடும்பம் ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். ஆர்டிசியாவின் பலகையில் ‘பிரிமுலேசி, மிர்சினாய்டி; முன்னர் மிர்சினேசி’ என்று எழுத ஒரு வரி போதும்.

3. வட்டார, மாநிலத் தாவரப் பட்டியல்களும் பன்மைப் பதிவேடுகளும் தாம் பின்பற்றும் முறையை முதற்பக்கத்திலேயே அறிவிக்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. புதிய ஆய்வுக்கூடமும் தேவையில்லை. விடைத்தாளைத் திருத்துவோர், வேறுபட்ட விடையைக் காணும்போது, கோடிடுவதற்கு முன் ‘ஏன் இப்படி எழுதினாய்?’ என்று ஒருமுறை கேட்க வேண்டும், அவ்வளவே. அன்று அக்கேள்வி கேட்கப்பட்டிருந்தால், தான் வெட்டிய மலரைக் காட்டி அந்த மாணவி விடை சொல்லியிருப்பார். அவருக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும் என்பதோடு, அங்கிருந்த எங்களுக்கும் ஏதேனும் கிடைத்திருக்கும்.

தேர்வு முடிந்தபின் அந்த மாணவியைத் தேடிச் சென்று, அவர் எழுதியது சரி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்பதிவு எப்படியேனும் அவர் கண்ணில் பட்டால்: சகோதரி, உங்கள் குறுக்குவெட்டுப் படம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. தடுப்பில்லாத சூற்பை, நடுவே தனித்த உருண்டை. நீங்கள் எழுதிய விடையே சரி. அன்று வாய்திறவாமல் இருந்ததற்கு மன்னியுங்கள்.

பிரிமுலேசியின் விரிவை ஏற்காத நண்பர்கள், மிர்சினேசி தனித்து நிற்க வேண்டும் என்று கருதுவோர், உங்கள் காரணங்களைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பேராசிரியர்கள் தங்கள் கல்லூரியில் எம்முறையைப் பயிற்றுவிக்கிறார்கள் என்பதையும் பகிர்ந்தால் மகிழ்வேன். எழுதும் முன் ஒரேயொரு வேண்டுகோள்: அருகிலுள்ள வயலிலோ தோட்டத்திலோ இக்குடும்பத்தின் ஒரு மலரைப் பறித்து, ஒரு பழைய சவரத்தகட்டால் வெட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.